‘எத்தனை வருஷமா சுகர்?’

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ராத்திரி இரண்டு மணி. ஸ்ட்ரெச்சரில் சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார், சட்டை முழுக்க வியர்வை. டூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு சித்தியிடம் கேட்கிறார்.

“சுகர் இருக்காம்மா?”

“இருக்குங்க டாக்டர்.”

“எத்தனை வருஷமா?”

“அது ஆச்சுங்க, பத்து வருஷம் இருக்கும்.”

டாக்டர் எழுதிக்கொண்டார். ஆஞ்சியோ செய்து, ஒரு ஸ்டென்ட் வைத்து, சித்தப்பா பிழைத்து எழுந்தார். ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ். துணிமணியெல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் இன்ஷூரன்ஸ் கவுன்டரிலிருந்து அழைப்பு வந்தது. கிளைம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. காரணம், பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோயை மறைத்தது. பாலிசி எடுத்து நாலு வருஷம்தான் முடிந்திருந்தது. கேஸ் ஷீட்டில் சுகருக்கு வயது பத்து.

சித்தப்பாவுக்கு சுகர் என்று தெரிய வந்ததே இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான். சித்தி சொன்ன பத்து வருஷக் கணக்கு வேறு. தாத்தாவுக்கு சுகரில் கால் விரலை எடுத்தார்கள். அதைப் பார்த்துப் பயந்துபோன சித்தப்பா அன்றைக்கே காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்டார். அதிலிருந்து எண்ணினால் பத்து. நடுராத்திரிப் பதற்றத்தில் அந்தக் கணக்கு சித்தியின் வாயில் வந்துவிட்டது. கிளைம் நிராகரிக்கப்பட்ட மறுநாள் காலையில் அவர் கை வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை விடாமல் கவனித்து வருகிறேன். கம்பெனிகள் ஏமாற்றுகின்றன என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் நிராகரிப்புக் கடிதங்களை வரிவரியாகப் படித்துப் பார்த்தால், பணம் கட்டியவர் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலையை யாரும் அவருக்குச் சொல்லித் தராமல் விட்டிருப்பது பெரும்பாலும் தெரிகிறது. பாலிசி என்பது இரண்டு பக்கமும் உண்மை பேச வேண்டிய ஒப்பந்தம். பிரீமியம் கட்டுவது அதில் நம் பங்கின் ஒரு பகுதிதான்.

காபி ஆறுவதற்குள் முடிந்த படிவம்

கிளைமுக்கான பொறுப்பு ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை. நம் வீட்டுக் கூடத்தில் தொடங்குகிறது. தெரிந்த ஏஜென்ட் வருகிறார். காபி கொடுக்கிறோம். புரொபோசல் ஃபார்மில் பிரஷர், சுகர், தைராய்டு, ஆபரேஷன், சிகரெட் என்று கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. “அதெல்லாம் போட்டா பிரீமியம் ஏறிடும் சார், இல்லைன்னே போட்டுடுவோம்” என்கிறார். காபி ஆறுவதற்குள் எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ விழுந்துவிடுகிறது. இப்போது பேப்பர்கூடக் கிடையாது. செல்போனுக்கு ஒரு ஓ.டி.பி. வருகிறது, நாம் வாசித்துச் சொல்கிறோம். அந்த ஆறு இலக்கம்தான் நம் கையெழுத்து.

‘ஏஜென்ட்தான் நிரப்பினார், எனக்குத் தெரியாது’ என்பது பிறகு எடுபடாது. 2019-ல் உச்ச நீதிமன்றம் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் இறந்தவர், இன்னொரு கம்பெனியில் இரண்டு மாதம் முன்பு எடுத்திருந்த பாலிசியைப் புதுப் படிவத்தில் குறிப்பிடவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டாலும் அதில் உள்ளதற்குப் போட்டவரே பொறுப்பு என்று சொல்லி, கம்பெனி பக்கம் தீர்ப்பானது.

உண்மையைச் சொன்னால் என்ன நஷ்டம்? கொஞ்சம் பிரீமியம் கூடலாம். அந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் போடுவார்கள். மருத்துவக் காப்பீட்டில் அது அதிகபட்சம் மூன்று வருஷம். 2024 ஏப்ரலுக்கு முன்பு நாலு வருஷமாக இருந்தது. அது கடந்துவிட்டால் சொல்லி வைத்த நோய்க்கும் பணம் உண்டு. மறைத்தவருக்கோ ஐந்து வருஷம், அதாவது 60 மாதம், தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது. அதற்குப் பிறகு மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்ததைக் காரணம் காட்டி மருத்துவக் கிளைமை மறுக்க முடியாது. ஆயுள் காப்பீட்டில் இந்தக் காலம் மூன்று வருஷம்; 1938-ம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் நெஞ்சுவலி காலண்டர் பார்த்து வருவதில்லை.

சொன்னவரைச் சட்டம் காப்பாற்றிய கதையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு கல்யாணத்துக்குப் போக பயணக் காப்பீடு எடுத்தார் ஒருவர். தனக்கு சுகர் இருப்பதைச் சொல்லித்தான் எடுத்தார். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலேயே மாரடைப்பு. மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். கொலஸ்ட்ராலுக்கான மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று கம்பெனி மறுத்தது. சொன்னதைக் கேட்டு, உடல்நிலையைத் தெரிந்துகொண்டு பாலிசி கொடுத்துவிட்டு அப்புறம் அதையே காரணமாக்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

பாலிசி கைக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அதோடு வரும் புரொபோசல் ஃபார்ம் நகலைப் படியுங்கள். தப்பாக இருந்தால் உடனே எழுதித் திருத்தச் சொல்லலாம். பாலிசியே பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு. முக்கிய நிபந்தனைகளைச் சுருக்கிச் சொல்லும் தகவல் தாளைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம், விதியில் அதற்கு இடம் இருக்கிறது. நான் கேட்டு வாங்கினேன். எது எதற்குப் பணம் கிடையாது என்று தாய்மொழியில் படித்த அன்றைக்குத்தான், அதுவரை எத்தனை விஷயம் தெரியாமல் வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டிருந்தேன் என்பது உறைத்தது.

அட்மிஷன் டெஸ்க்கிலிருந்து டிஸ்சார்ஜ் வரை

முன்கூட்டியே தெரிந்த ஆபரேஷன் என்றால் பொதுவாக 48 மணி நேரத்துக்கு முன் கம்பெனிக்கோ, அதன் சார்பில் கிளைமைக் கையாளும் டி.பி.ஏ.வுக்கோ தகவல் போயிருக்க வேண்டும். அவசர அட்மிஷன் என்றால் சேர்த்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள். எத்தனை மணி என்பது உங்கள் பாலிசியில் இருக்கும். இன்ஷூரன்ஸ் கார்டு நோயாளியின் பர்ஸில் இருந்து பிரயோஜனமில்லை. பர்ஸ் அவரோடு ஐ.சி.யு.வுக்குள் போய்விடும். வீட்டில் இன்னும் இரண்டு பேர் செல்போனில் அதன் படம் இருக்க வேண்டும்.

கேஷ்லெஸ் கேட்டு ஆஸ்பத்திரி அனுப்பும் கோரிக்கைக்குக் கம்பெனி ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு மூன்று மணி நேரத்தில் இறுதி அனுமதி தர வேண்டும் என்று 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது. சாயங்காலம் வரை வராண்டாவில் காக்க வைத்தால், இந்த மூன்று மணி நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

ரூம் எடுக்கும்போதுதான் நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஐந்து லட்ச ரூபாய் பாலிசி, ரூம் வாடகை அதில் ஒரு சதவிகிதம் என்று இருந்தால் நாளுக்கு 5,000 ரூபாய் வரை. “அப்பாவுக்கு நல்ல ரூமாப் போடுங்க, மிச்சத்தை நாங்க கட்டிக்கிறோம்” என்று 8,000 ரூபாய் ரூம் எடுக்கிறார் மகன். நாலு நாளுக்கு 12,000 ரூபாய்தானே கூடுதல் என்பது அவர் கணக்கு. ஆனால் அளவுக்கு மேல் ரூம் எடுத்தால் ஆபரேஷன் கட்டணம், டாக்டர் ஃபீஸ், நர்சிங் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவதற்குப் பல பாலிசிகளில் நிபந்தனை உண்டு. அவையெல்லாம் சேர்ந்து 1,60,000 ரூபாய் வந்தால் கம்பெனி தருவது ஒரு லட்சம். பாசத்துக்காக எடுத்த ரூமுக்கு 72,000 ரூபாய் கைக்காசு. மருந்து, ஸ்டென்ட் மாதிரி உள்ளே வைக்கும் பொருள், பரிசோதனை ஆகியவற்றில் மட்டும் இந்த வெட்டு கூடாது, வெட்டியிருந்தால் கேளுங்கள்.

கேஸ் ஷீட்டுக்கு வருகிறேன். டூட்டி டாக்டர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் ஆவணமாகிறது. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். ‘இருக்கும்’, ‘ஆச்சு’ என்று குத்துமதிப்பாகப் பேசுவது நம் பழக்கம். பேப்பரில் ஏறும்போது அந்த ‘இருக்கும்’ காணாமல் போய் எண் மட்டும் நிற்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் கவுன்டர் முன்னாலேயே நின்று படியுங்கள். தப்பு இருந்தால் சிகிச்சை தந்த டாக்டரிடம் பழைய சீட்டைக் காட்டித் திருத்தம் கேளுங்கள். உண்மையாகவே பத்து வருஷ சுகரை இரண்டு என்று மாற்றி எழுதச் சொல்வது வேறு சங்கதி. அதைச் செய்யாதீர்கள், டாக்டரையும் கூட்டுச் சேர்க்காதீர்கள். அடுத்த முறை அதே உடம்புக்கு வைத்தியம் பார்க்கிறவர் அந்தப் பொய்யை நம்பித்தான் மருந்து எழுதுவார்.

அதேபோல, “இன்ஷூரன்ஸ் இருக்கா?” என்று கேட்டுவிட்டு நீளும் பில்லுக்கும் நாம் தலையாட்டக் கூடாது. நம் காசில்லையே என்று கையெழுத்துப் போடுகிறோம். அந்த வருஷத்துக்கான தொகை அத்தனையும் ஒரே காய்ச்சலில் கரைந்துவிட்டால், ஆறு மாதம் கழித்து உண்மையான ஆபத்து வரும்போது பாலிசியில் மிச்சம் இருக்காது.

கேஷ்லெஸ் இல்லாமல் பணத்தைக் கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்பவர், பொதுவாக டிஸ்சார்ஜ் ஆன 15 முதல் 30 நாளுக்குள் ஒரிஜினல் பில், ரசீது, ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி பெற வேண்டும். கொடுப்பதற்கு முன் ஒரு செட் ஜெராக்ஸ். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு வில்லங்கம் உண்டு: இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பாலிசியில் அப்பா பெயர் முழுசாக, ஆஸ்பத்திரி பில்லில் இனிஷியலே இல்லாமல், பேங்க் பாஸ்புக்கில் இன்னொரு மாதிரி. நாலும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே மாதக்கணக்கில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். வயதும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய பிறந்த தேதி ஒன்று, அம்மாவுக்குத் தெரிந்த தேதி ஒன்று. நோய் வருவதற்கு முன்பு, நிதானமான ஒரு நாளில் இதைச் சரிசெய்துவிட வேண்டும்.

சாவியைத் திருகாதீர்கள்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்த நாள். வேளச்சேரி பக்கம் எங்கள் தெருவில் கார்களின் கதவுப் பிடி வரை தண்ணீர். இரண்டு நாள் கழித்து வடிந்ததும், எதிர்வீட்டுக்காரர் போர்டிகோவில் நின்ற காரைத் துடைத்தார், கதவைத் திறந்தார், ‘ஓடுதான்னு பார்ப்போம்’ என்று சாவியைத் திருகினார். உள்ளேயிருந்து இரும்பு இரும்பில் மோதுகிற சத்தம். அவ்வளவுதான்.

இன்ஜின் சிலிண்டருக்குள் காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடுகிறது. வெள்ளத்தால் வந்த சேதத்துக்குச் சாதாரண முழுக் காப்பீட்டிலேயே பணம் உண்டு. ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்றால், இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்காதவர்களுக்கு அநேகமாகக் கிடையாது. அந்த ஒரு திருகலில் எதிர்வீட்டுக்காரருக்கு நஷ்டம் லட்சத்தைத் தாண்டியது. மூன்று வீடு தள்ளி இருந்தவர் சாவியையே தொடவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றினார், கதவில் தண்ணீர் நின்ற சேற்றுக் கோட்டைப் போட்டோ எடுத்தார், கம்பெனிக்குச் சொன்னார், இழுவை வண்டி வரும் வரை காத்திருந்தார். சர்வேயர் வந்து பார்க்கும் முன்பு ஒரு போல்ட்டைக்கூட மெக்கானிக்கைத் தொட விடவில்லை.

இன்ஷூரன்ஸே இல்லாத மனிதர் தன் பொருளை எப்படிக் காப்பாற்றுவாரோ, இன்ஷூரன்ஸ் எடுத்தவரும் அப்படியே காப்பாற்ற வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய நியதி. 2024 அக்டோபரில் பலத்த மழை வரும் என்று எச்சரித்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்களே, பட்டு அறிந்த அந்த ஜனங்கள் அந்த நியதியைத்தான் செய்து காட்டினார்கள்.

திருட்டு என்றால் முதல் வேலை போலீஸ் ஸ்டேஷன். எஃப்.ஐ.ஆர். தாமதமானால் ஆபத்து. ஒரு டிராக்டர் திருட்டில், புகார் அன்றைக்கே கொடுத்துவிட்டு கம்பெனிக்கு 52 நாள் கழித்துச் சொன்னவரின் கிளைமை, அந்தத் தாமதத்தை மட்டும் காட்டி மறுக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. போலீஸிடம் உடனே போயிருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது. வண்டியின் இரண்டு சாவிகளையும் கம்பெனி கேட்கும். ஒன்று தொலைந்திருந்தால், தொலைந்த அன்றைக்கே எழுதிக் கொடுத்து வைப்பது நல்லது.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குபவர்கள் ஆர்.சி.யை மாற்றிவிட்டு இன்ஷூரன்ஸை மறந்துவிடுகிறார்கள். 14 நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு தானாகக் கூட வரும்; உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது.

உங்கள் வண்டியால் இன்னொருவருக்கு அடிபட்டால் போட்டோ, கிளைம் எல்லாம் அப்புறம். காயம்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும், போலீஸுக்குச் சொல்வதும், கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு ஓட்டுநர் மேல் வைத்திருக்கும் கடமைகள். ரோட்டோரப் பஞ்சாயத்தில் ‘எவ்வளவு ஆனாலும் நான் பார்த்துக்கிறேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கம்பெனி சம்மதமில்லாமல் பேசிய பேச்சு அதைக் கட்டுப்படுத்தாது.

ஆயுள் காப்பீட்டில் பாலிசி எடுத்தவர் இறப்புக் கிளைம் நேரத்தில் இருக்கப்போவதில்லை. அவர் பொறுப்பை உயிரோடு இருக்கும்போதே முடிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் நாமினி அம்மா. அம்மா போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும், பெயர் அப்படியே இருக்கும். பாலிசி பாண்டு பீரோவில் எந்தத் தட்டில் என்று மனைவிக்குத் தெரியாது. பத்து வருஷத்துக்கு மேல் யாரும் கேட்காத பணம் மத்திய அரசின் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடுகிறது. அதன் பிறகும் உரியவர் கேட்டுப் பெற வழி உண்டு. ஆனால் இருப்பதே தெரியாதவர் எதைக் கேட்பார்?

வளையல் திரும்பிய விதம்

நிராகரிப்பு வந்ததும் சித்தப்பா சோர்ந்து படுத்துவிட்டார். சித்தி படுக்கவில்லை. முதலில் காரணத்தையும் பாலிசியின் எந்த நிபந்தனை என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கினார். அதைக் கொடுப்பது கம்பெனியின் கடமை. பிறகு சாமி அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு அடியிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தார். ஒன்று, பாலிசிக்கு முந்தின வருஷம் ஆபீஸில் நடந்த மெடிக்கல் செக்கப்பின் ரிப்போர்ட், சுகர் நார்மல். இன்னொன்று, தெருமுனை கிளினிக் டாக்டர் முதன்முதலாக சுகர் மாத்திரை எழுதிய சீட்டு, தேதியோடு. அந்த டாக்டரிடமே போய், எப்போது முதல் சிகிச்சை என்று ஒரு கடிதமும் வாங்கினார். மூன்றையும் சேர்த்து கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை ஒட்டி வைத்தார். மறைத்தார் என்று சொல்வது கம்பெனி என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் கம்பெனிதான் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நிராகரித்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்ச ரூபாய் வரை தீர்ப்புத் தரும் அதிகாரம் அவருக்கு உண்டு. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். சித்தி அந்த மனுவையும் எழுதி, தேதி போடாமல் தயாராக வைத்திருந்தார்.

அதற்கு வேலை வரவில்லை. பில்லுக்கான தொகை நாலாம் மாதம் வங்கிக் கணக்கில் ஏறியது. கையுறை, பஞ்சு, அட்மிஷன் கட்டணம் என்று சில ஆயிரங்களைக் கழித்திருந்தார்கள். சித்தி தகவல் தாளை எடுத்து வந்து, அந்த வரிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். “இது தர மாட்டோம்னு முதல்லயே போட்டிருக்கான்” என்று மடித்து வைத்துவிட்டு, அடகுக் கடை சீட்டைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.